மஞ்சள்பிட்ட இலைக்காதுச் சுண்டெலி: வகைப்பாடும் பரவலும்

மஞ்சள்பிட்ட இலைக்காதுச் சுண்டெலி என்பது தென் அமெரிக்காவின் ஆண்டிய மலைப்பகுதியில் வாழும் கொறிணிகளுள் ஒன்று. இது கிரிசெட்டிடே குடும்பத்தில் ஃபிலோட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. நம் வீடுகளில் காணப்படும் சுண்டெலி வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பெயரில் 'சுண்டெலி' என்று வந்தாலும் இரண்டிற்கும் நெருங்கிய உறவு இல்லை. கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்த விலங்கின் பெயர் பலமுறை மாறியுள்ளது. ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும் இதன் பரவல் வரைபடமும் மாறியது.

முதல் விளக்கம்

பீகிள் கப்பலில் பயணம் செய்த சார்லஸ் டார்வின் 1834இல் படகோனியாவின் சாண்டா குரூஸ் பகுதியையும், 1835இல் சிலியின் கோகிம்போ பகுதியையும் அடைந்தார். பயணத்தில் சேகரித்த பாலூட்டிகளை இங்கிலாந்து திரும்பியபின் இலண்டன் விலங்கியல் கழகத்திடம் ஒப்படைத்தார். கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் அவற்றை ஆராய்ந்து 1837இல் விளக்கமளித்தார். கோகிம்போ எலிக்கு டார்வினின் பெயரையும், சாண்டா குரூஸ் எலிக்குச் 'சாந்தோபைகஸ்' என்ற பெயரையும் சூட்டினார். கிரேக்க மொழியில் இதன் பொருள் 'மஞ்சள் பிட்டம் கொண்டது' என்பதாகும். எலிகளில் பெரும்பாலானவற்றை ஒரே பேரினத்தில் அடக்குவது அக்கால வழக்கம். எனவே இவ்விரண்டும் முதலில் 'மஸ்' பேரினத்திலேயே வைக்கப்பட்டன. பெரிய காதுகளைக் குறிக்கும் 'இலைக்காது' என்ற பொருளுடைய ஃபிலோட்டிஸ் என்னும் பெயரையும் வாட்டர்ஹவுஸே உருவாக்கினார். அது பின்னர் தனிப் பேரினமாயிற்று.

பிரித்தலும் சேர்த்தலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ், ஆண்டிய மலைகளிலிருந்து வந்த தோல்களையும் மண்டையோடுகளையும் ஒப்பிட்டுப் பல புதிய பெயர்களை அளித்தார். அர்ஜென்டினாவின் மெண்டோசா பகுதி எலிக்கு 1912இல் அவர் இட்ட 'வக்காரம்' என்ற பெயரும் அவற்றுள் ஒன்று.

அமெரிக்க விலங்கியலாளர் ஆலிவர் பியர்சன் 1958இல் இப்பேரினத்தை முழுமையாக மீளாய்வு செய்தார். நிறமும் அளவும் இடத்திற்கு இடம் படிப்படியாக மாறுவதைக் கண்ட அவர், சாந்தோபைகஸ், வக்காரம் உள்ளிட்ட பல வடிவங்களை டார்வின் இலைக்காதுச் சுண்டெலியின் துணையினங்களாகச் சேர்த்தார். இதனால் ஒரே சிற்றினம் பெருவிலிருந்து படகோனியா வரை பரவியுள்ளதாகக் கொள்ளப்பட்டது.

புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு செய்த இச்சேர்க்கை நீண்டகாலம் நிலைக்கவில்லை. சிலியில் லாரா வாக்கர், ஏஞ்சல் ஸ்போடோர்னோ முதலியோர் துணையினங்களின் நிறப்புரிகளையும், அவற்றின் கலப்பினக் குட்டிகளின் இனப்பெருக்கத் திறனையும் ஆராய்ந்து 1984இல் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்காட் ஸ்டெப்பன் 1998இல் இழைமணி மரபணுக்களை உடலமைப்போடு ஒப்பிட்டுச் சிற்றின எல்லைகளை ஆராய்ந்தார். இத்தகைய ஆய்வுகளின் விளைவாக டார்வின் இலைக்காதுச் சுண்டெலி சிலிக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கியது. சாந்தோபைகஸ் மீண்டும் தனிச் சிற்றினமாயிற்று.

சிகரத்தில் பிடிபட்ட எலி

சிலி–அர்ஜென்டினா எல்லையில் உள்ள யுயையாக்கோ எரிமலையின் உயரம் 6,739 மீட்டர். அதன் உச்சியில் 2020 பிப்ரவரியில் ஜே ஸ்டோர்ஸ் குழுவினர் ஓர் இலைக்காதுச் சுண்டெலியை உயிருடன் பிடித்தனர். அங்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. தாவரங்களும் இல்லை. இவ்வளவு உயரத்தில் வாழும் வேறு பாலூட்டி எதுவும் அதுவரை பதிவாகவில்லை. அதே ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரை இதனைச் சாந்தோபைகஸ் சிற்றினத்தின் 'ருபெஸ்ட்ரிஸ்' துணையினம் எனக் குறிப்பிட்டது.

பின்னர் வந்த மரபணு ஆய்வுகள், சாந்தோபைகஸ் என்று அழைக்கப்பட்டது பல சிற்றினங்களின் தொகுதி எனக் காட்டின. தாமஸ் இட்ட வக்காரம் என்ற பெயர் தனிச் சிற்றினமாக உயிர்பெற்றது. சிகரத்தில் பிடிபட்ட எலியும் அதிலேயே அடங்கியது. இன்று சாந்தோபைகஸ் என்ற பெயர் தெற்கே படகோனியப் பகுதி எலிகளுக்கு உரியது. வக்காரம் சிலியிலும் மேற்கு அர்ஜென்டினாவிலும் வாழ்கிறது.

உலர்ந்த உடல்கள் தரும் சான்று

எரிமலை உச்சிகளில் உலர்ந்த எலி உடல்கள் முன்பே கண்டெடுக்கப்பட்டிருந்தன. சிகரங்களில் இன்கா மக்கள் வழிபாட்டிடங்கள் அமைத்திருந்ததால், எலிகளும் அவர்களுடன் வந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. சாலின், புலார், கோபியாபோ ஆகிய சிகரங்களில் கிடைத்த 13 உடல்களின் ஆய்வு 2023இல் வெளியானது. கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பில் சில உடல்கள் சில பத்தாண்டுகளே பழமையானவை என்றும், புலார் சிகரத்து உடல்கள் மிகுதியாக 350 ஆண்டுகள் பழமையானவை என்றும் தெரிந்தது. இன்கா பேரரசு அதற்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டில் வீழ்ந்துவிட்டது. எனவே எலிகள் தாமாகவே மலையேறி அங்கு வாழ்ந்து வருகின்றன என்ற கருத்து வலுப்பெற்றது.

முக்கியத்துவம்

ஒரு சிற்றினத்தின் எல்லை தவறாக வரையப்பட்டால், அதன் உயர வரம்பு, வாழிடம், எண்ணிக்கை பற்றிய செய்திகளும் தவறாகும். பரந்த பரவல் கொண்டதாகத் தோன்றும் ஒரு பெயருக்குள் குறுகிய இடத்தில் மட்டும் வாழும் சிற்றினம் மறைந்திருக்கலாம். அதற்குப் பாதுகாப்புத் தேவை என்பதே தெரியாமல் போகும். ஆகவே பழைய நூல்களில் 'சாந்தோபைகஸ்' எனக் காணும் மாணவர், அது எந்த ஆண்டின் வகைப்பாடு, எலி எங்குப் பிடிக்கப்பட்டது என்ற இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.