எலும்பைக் கெட்டியாக்கும் நொதி - ஒரு குட்டி வரலாறு



ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில், கல்லீரலுக்கான பகுதியில் 'ஆல்கலைன் பாஸ்படேஸ்' என்று ஒரு வரி இருக்கும். பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த நொதி (என்சைம்) முதலில் பேசப்பட்டது கல்லீரலை வைத்து அல்ல, எலும்பை வைத்து. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

எலும்பு என்பது கொலாஜன் என்ற புரத இழைகளும் அவற்றின் மேல் படிந்த கால்சியம் பாஸ்பேட் படிகங்களும் சேர்ந்தது. இழை வளையும், படிகம் விறைப்பைத் தரும். படிகம் சரியாகப் படியாவிட்டால் குழந்தைகளுக்குக் கால் வளைந்து போகும். அதுதான் ரிக்கெட்ஸ்.

லண்டனில் லிஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்த ராபர்ட் ராபிசன் எலும்பு ஆராய்ச்சியாளரே அல்ல. ஈஸ்ட் சாற்றில் சர்க்கரை நொதிப்பதை ஆராய்ந்தவர். சர்க்கரையோடு பாஸ்பேட் ஒட்டிய ஒரு பொருளை அதிலிருந்து பிரித்தெடுத்தார் (பின்னாளில் அதற்கு 'ராபிசன் எஸ்டர்' என்றே பெயர் வந்தது). அதன் கால்சியம் உப்பு தண்ணீரில் கரையும். ஒரு நொதி அதிலிருந்து பாஸ்பேட்டை வெட்டிவிட்டால் கரையாத கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாக அடியில் படியும். எலும்பிலும் இப்படித்தான் நடக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது!

1923-ல் ரிக்கெட்ஸ் வந்த எலிக்குட்டிகளின் எலும்பை எடுத்து அந்தக் கரைசலில் போட்டுப் பார்த்தார். எலும்பு வளரும் முனையில், சரியாகப் படிய வேண்டிய இடத்திலேயே, கால்சியம் பாஸ்பேட் படிந்தது. எலும்பில் பாஸ்படேஸ் இருக்கிறது, அதுதான் பாஸ்பேட்டைச் சப்ளை செய்கிறது என்றார்.

அழகான விளக்கம்தான். ஆனால் கேள்விகள் வந்தன. சிறுநீரகத்திலும் குடலிலும் இந்த நொதி நிறைய இருக்கிறதே, அவை ஏன் எலும்பாகவில்லை? ரத்தத்தில் வெட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் பாஸ்பேட் தனியாகவே கிடைக்கிறதே, அப்புறம் நொதி எதற்கு? ராபிசனே இந்த நொதி மட்டும் போதாது, இரண்டாவதாக ஏதோ ஒன்றும் வேண்டும் என்றார். 1941-ல் அவர் காலமானார்.

என் பார்வையில் கதையின் திருப்பம் 1948-ல்தான் வருகிறது. கனடாவில் ராத்பன் என்ற மருத்துவர் ஒரு கைக்குழந்தையைப் பற்றி எழுதினார். கடுமையான ரிக்கெட்ஸ், கூடவே வலிப்பு. பிழைக்கவில்லை. சாதாரண ரிக்கெட்ஸில் இந்த நொதியின் அளவு ரத்தத்தில் ஏறும். இந்தக் குழந்தைக்கோ ரத்தத்திலும் எலும்பிலும் மிகக் குறைவாக இருந்தது. ராத்பன் இந்த நோய்க்கு 'ஹைப்போபாஸ்படேசியா' என்று பெயர் வைத்தார். நொதி இல்லாவிட்டால் எலும்பு கெட்டியாகாது என்பதை ஒரு குழந்தையின் உடம்பே காட்டிவிட்டது. ஆனால் ஏன் என்பது அப்போதும் தெரியவில்லை.

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. உப்புத்தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் இல்லையா? அதில் சில பாஸ்பேட் சேர்மங்களைத் துளியூண்டு சேர்த்தாலே படிவது நின்றுவிடும். அந்த வகையைச் சேர்ந்த பைரோபாஸ்பேட் நம் உடம்பிலும் இருக்கிறது, கால்சியம் பாஸ்பேட் படியாமல் தடுக்கிறது என்று 1962-ல் ஹெர்பர்ட் பிளைஷும் பிசாஸும் எழுதினார்கள். 1965-ல் கிரஹாம் ரஸ்ஸல், ஹைப்போபாஸ்படேசியா நோயாளிகளின் சிறுநீரில் பைரோபாஸ்பேட் அதிகமாக இருப்பதைக் கண்டார்.

இப்போது புரிகிறதா? ராபிசன் சரியான நொதியைத்தான் பிடித்தார், ஆனால் அதன் முக்கியமான வேலை வேறு. பாஸ்பேட்டைக் கொண்டு வந்து கொட்டுவதை விட, தடையாக நிற்கும் பைரோபாஸ்பேட்டை வெட்டி வழிவிடுவதுதான் பெரிய வேலை. சிறுநீரகத்தில் தடையை நீக்கினாலும் படிகம் ஏற அங்கே எலும்பைப் போன்ற கொலாஜன் சட்டம் இல்லை. 2002-ல் எலிகளில் இதைச் சோதித்தார்கள். இந்த நொதி இல்லாத எலிகளில், பைரோபாஸ்பேட்டை உண்டாக்கும் இன்னொரு நொதியையும் நீக்கினார்கள். எலும்பில் படிகம் படிவது பெருமளவு சரியானது!

(இடையில் ஒரு தகவல்: நொதியால் வெட்ட முடியாதபடி பைரோபாஸ்பேட்டை மாற்றிச் செய்தவைதான் எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள்.)

சரி, அந்தக் குழந்தைகள்? 1988-ல் இந்த நோய்க்குக் காரணமான மரபணுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் வெறும் நொதியை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தபோது சரியான பலன் கிடைக்கவில்லை. நொதி எலும்புக்குப் போய்ச் சேர வேண்டுமே! அதனால் நொதியின் வாலில் பத்து அஸ்பார்டிக் அமிலங்களைக் கோர்த்தார்கள். அந்த வால் எலும்பின் படிகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அஸ்போடேஸ் ஆல்பா என்ற இந்த ஊசி மருந்துக்கு 2015-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அனுமதி கிடைத்தது. ராத்பனின் கட்டுரை வந்து அப்போது 67 வருடம் ஆகியிருந்தது.