வேற்றுக்கிரக உயிருருவங்கள் (மேசைப் போர் விளையாட்டுக் கைவினை)

மேசைமேல் சிற்றுருவங்களை நிறுத்தி, பகடை உருட்டி, நாடாவால் தூரம் அளந்து ஆடும் போர் விளையாட்டுகளுக்காக வீட்டிலேயே செய்யப்படும் வேற்றுக்கிரக உயிர்களின் உருவங்கள். கம்பி, எபாக்ஸி மக்கு, அட்டை, காகிதக் கூழ், தூக்கிப்போடும் பிளாஸ்டிக் ஆகியவை இவற்றின் மூலப்பொருள்கள். மனித உருவம் சுமார் 28 மி.மீ. உயரம் என்பதே பரவலாக வழங்கும் அளவு. மற்ற உயிர்கள் அதற்கேற்பப் பெருக்கும் சிறுக்கும். இக்கைவினை பெரிதும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தது.

மேசைப் போர் விளையாட்டின் வேர் 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சியில் இருக்கிறது. அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த நூல்களில் முதன்மையானது எச். ஜி. வெல்ஸின் 'லிட்டில் வார்ஸ்' (1913). செவ்வாய்க்காரர்களின் படையெடுப்பை 1898இல் நாவலாக்கியவரும் இவரே. ஆயினும் இவருடைய தரைப் போர்க்களத்தில் பொம்மைச் சிப்பாய்களும் பீரங்கிகளும் அட்டை வீடுகளும் தோட்டத்துக் குச்சிகளால் ஆன மரங்களும்தான் இருந்தன. செவ்வாய்க்காரர் அங்கே வரவில்லை.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவில் விளையாட்டு வடிவமைப்பாளர் கேரி கைகாக்ஸும் நண்பர்களும் மாயாஜாலப் போர்களை ஆடினார்கள். வேண்டிய மிருகங்கள் கடையில் கிடைக்காததால், கைகாக்ஸ் ஒரு ஸ்டெகோசாரஸ் பொம்மையை டிராகனாக மாற்றினார். ஹாங்காங்கில் செய்த மலிவு விலை பிளாஸ்டிக் விலங்குகள் ஒரு பை நிறைய வாங்கிவந்து மேசையில் நிறுத்தினார்கள். அவற்றில் ஒன்றுக்கு வால் நுனியில் விசிறி போன்ற தகடு இருந்தது. அதுவே இரும்பைத் துருவாக்கித் தின்னும் 'ரஸ்ட் மான்ஸ்டர்' ஆயிற்று. உருவம் முதலில் வந்தது, பெயரும் குணமும் பின்னால் வந்தன. அந்தப் பொம்மைகள் ஜப்பானிய 'அல்ட்ராமேன்' தொடரின் ராட்சத மிருகங்களைப் பார்த்துச் செய்தவை என்பாரும் உண்டு. சிலவற்றில் சாயல் தெரிகிறது, எல்லாவற்றுக்கும் அது பொருந்துவதாகச் சொல்வதற்கில்லை.

பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட, ரிக் பிரீஸ்ட்லி எழுதிய 'வார்ஹேமர் 40,000: ரோக் டிரேடர்' வேற்றுக்கிரக உயிர்களை மேசைப் போரின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. வாசனைப் பூச்சு டப்பாவைப் படுக்கவைத்து மிதக்கும் டாங்கி செய்யும் முறையை அந்நிறுவனமே அக்காலத்தில் வெளியிட்டது. குளியலறைச் சாமான் போர் வண்டியான அந்தப் படம் பழைய ஆட்டக்காரர்கள் மனத்தில் இன்றும் நிற்கிறது. அப்போது நிறுவனத்தின் சிற்பிகளும் வீட்டில் செய்பவர்களும் பெரும்பாலும் கையாண்டது ஒரே மக்கைத்தான்: 'கிரீன் ஸ்டஃப்'. நம் வீடுகளில் குழாய் ஒழுகலை அடைக்கும் எம்-சீல் போல இதுவும் இரு பகுதி எபாக்ஸி. நீலமும் மஞ்சளும் சேர்த்துப் பச்சை ஆகும்வரை பிசைய வேண்டும். விரலையும் கருவியையும் தண்ணீரில் தொட்டுக்கொள்ளாவிட்டால் ஒட்டிக்கொண்டு வரும்.

இவ்வரலாற்றில் 2010 முதல் 2014 வரையிலான காலம் குறிப்பிடத்தக்கது. வார்ஹேமர் 40,000 ஆட்டத்தின் வேற்றுக்கிரக இனங்களில் ஒன்றான 'டைரனிட்'களுக்கு 2010 ஜனவரியில் வெளியான விதிநூலில், ஆட்டத்தின் நடுவே குட்டிகளை ஈன்று களத்தில் விடும் 'டெர்விகான்', வானிலிருந்து விழும் வித்தான 'மைசெட்டிக் ஸ்போர்' முதலியவை இடம்பெற்றன. விதி இருந்தது, உருவம் விற்பனைக்கு வரவில்லை. டெர்விகான் பெட்டி 2012இல்தான் வந்தது. விழும் வித்துக்கு ஈடான 'டைரனோசைட்' 2014இன் கடைசியில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வேண்டியவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். 'கார்னிஃபெக்ஸ்' என்னும் மற்றொரு டைரனிட் உருவத்தின் வயிற்றுக்கடியில் மக்கால் முட்டைப் பை தொங்கவிட்டார்கள். குளிர்பான பாட்டிலின் அடிப்பாகம் வித்தின் ஓடானது. புதிதாக எழுப்பும் உடலுக்குக் கம்பியை முறுக்கி எலும்புக்கூடு, அதன்மேல் கசக்கிய அலுமினியத் தாள், அதன்மேல் மெல்லிய மக்கு. பிளாஸ்டிக் கரண்டிகளின் குழிப்பகுதியை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி முதுகில் அடுக்கினால் வண்டின் ஓடு வந்துவிடும். சூட்டுப் பசையை இழுத்தால் வரும் நூலே தசைநார். கரண்டி என்பது வண்ணம் பூசும்வரைதான் தெரியும்; பூசியபின் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது மிருகம்தான்.

இதே உருவங்களுக்கு உதிரிப்பாகம் செய்து விற்ற சாப்டர்ஹவுஸ் ஸ்டுடியோஸ் என்ற சிறு நிறுவனத்தின்மேல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2010 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2013 ஜூனில் நடுவர் குழு சில கூறுகளில் ஒருவருக்கும் சிலவற்றில் மற்றவருக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்து, சாப்டர்ஹவுஸ்மீது 25,000 டாலர் இழப்பீடு விதித்தது. அதன்பின் உருவம் விற்பனையில் இல்லாத உயிர்கள் விதிநூல்களில் அருகின. வழக்கே இதற்குக் காரணம் என்பது ஆட்டக்காரர் பலரின் கருத்து. வணிக முறை தானே அப்படி மாறிவந்தது என்பாரும் உளர். எப்படியானாலும் வீட்டுச் சிற்பிக்கு இருந்த பெரிய இடைவெளி அத்துடன் சுருங்கியது.

நிறுவனங்கள் கணினிச் சிற்பத்துக்கு மாறியதால் பச்சை மக்கு பெரும்பாலும் வீட்டு மேசைக்கே உரியதாகிவிட்டது. அண்மைக்காலத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் பரவியுள்ளன.

கேம்ஸ் வொர்க்‌ஷாப் தானே நடத்தும் போட்டிகளில் அதன் சொந்த உருவங்களே ஏற்கப்படுகின்றன. 'ஸ்டார்கிரேவ்' (2021), 'ஜீனோஸ் ராம்பன்ட்' (2022) போன்ற விதிநூல்கள் எந்த நிறுவனத்தின் உருவத்தையும் கட்டாயமாக்கவில்லை. கரண்டி முதுகு மிருகமும் அவற்றில் முறைப்படி களமிறங்கலாம்.