கொழும்பு முனையமும் புகையிரத நூதனசாலையும்: ஒரு வரலாற்று நோக்கு

பழைய புகையிரத நிலையமொன்று நூதனசாலையாக மாறும்பொழுது அங்கு பேணப்படுவது யாருடைய வரலாறு என்ற வினா எழுகின்றது. புகையிரதப் பாதை எட்டாத தம்பிலுவிலிலிருந்து நோக்கும் எமக்கு இவ்வினா சற்று அழுத்தமாகவே தோன்றுகின்றது.

இலங்கையின் முதற் பெரும் பயணிகள் நிலையம், 1865 இல் மருதானைக்கு அண்மையில் திறக்கப்பெற்ற கொழும்பு முனையம் ஆகும். மருதானை நிலையமும் (1908) கோட்டை நிலையமும் (1917) எழுந்தபின் அதன் பழைய முக்கியத்துவம் மறைந்தது. 2009 இல் அக்கட்டடம் புகையிரத நூதனசாலையாயிற்று. புகையிரத சேவையின் 150 ஆவது ஆண்டு நிறைவையொட்டி, 2014 டிசம்பர் 27 ஆம் திகதி நூதனசாலை கடுகண்ணாவையில் திறக்கப்பட்டது.

இந்நிலையத்தின் தோற்றத்தைக் கோப்பிப் பெருந்தோட்டப் பொருளாதாரத்தினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. கண்டிப் பகுதிக் கோப்பியைத் துறைமுகத்துக்கு விரைவாகக் கொண்டுசெல்ல வேண்டுமென்ற தோட்ட முதலாளிகளின் தேவையே 1845 இல் இலங்கைப் புகையிரதக் கம்பெனி உருவாகக் காரணமாயிற்று. 1858 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். கம்பெனியின் முயற்சி தோல்வியுற, 1861 இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1864 டிசம்பர் 27 இல் முதல் வண்டி அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867 இல் பாதை கண்டியை அடைந்தது.

இவ்விடத்து ஒரு முரண்பாட்டைச் சுட்டுதல் அவசியம். கோப்பி மூட்டைகள் வண்டியேறிக் கொழும்புக்கு இறங்கிய அதே காலத்தில், அக்கோப்பியைப் பறித்த தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாகவே வந்துகொண்டிருந்தனர். நோயும் பசியும் வழியிற் பலரைப் பலிகொண்டன. பண்டத்துக்கு வண்டி, அதனை உற்பத்தி செய்தவனுக்குக் கால்நடை: குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் இயல்பை இதனிலும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. தலைமன்னாருக்குப் பாதை வந்தது 1914 இலேயே ஆகும்.

பாதை பரவிய ஒழுங்கும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. 1869 இல் கோப்பியை இலைநோய் பற்றியது. பின்னர் மலைகளிற் தேயிலை பரவியது. நாவலப்பிட்டி 1874 இலும், நானுஓயா 1885 இலும் பாதையைப் பெற்றன. மட்டக்களப்பு அதனைப் பெற்றது 1928 இல், அதாவது கண்டிக்கு 61 ஆண்டுகள் பிந்தியாகும். அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என நீளும் கரைக்கு அது இன்றுவரை வரவில்லை. கோப்பியோ தேயிலையோ விளையாத இந்நெல்வயற் பிரதேசம் ஏகாதிபத்திய மூலதனத்தின் கண்ணிற் பெரிதாகப் படவில்லை எனலாம்.

உலகின் முதல் நகரிடைப் பயணிகள் பாதைக்காக 1830 இல் திறக்கப்பெற்ற மான்செஸ்டர் லிவர்பூல் வீதி நிலையமும் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. 1844 இல் பயணிகள் சேவையை இழந்து, 1975 இல் முற்றாக மூடப்பட்ட அந்நிலையம் 1983 இல் நூதனசாலையாயிற்று. அமெரிக்க அடிமைகள் விளைவித்த பருத்தி லிவர்பூலில் இறங்கி, அப்பாதை வழியாகவே ஆலைகளைச் சென்றடைந்தது. நீராவியின் பெருமையை அவ்வடிமை உழைப்பினின்றும் பிரித்துக் காண்பவர் வரலாற்றின் பாதியையே காண்பவராவர்.

எனவே, இயந்திரங்களைப் பேணுதல் மட்டும் வரலாற்றைப் பேணுதல் ஆகாது. 1912 இல் வேலைநிறுத்தஞ் செய்த புகையிரதத் தொழிலாளர், 1923 இல் பொது வேலைநிறுத்தத்தைத் தொடக்கிவைத்த புகையிரத வேலைத்தளத்தினர் ஆகியோரும் அவ்வரலாற்றுக்கு உரியோரே. குமாரி ஜயவர்த்தனவின் தொழிலாளர் இயக்க ஆய்வு (1972) இதற்கு வழிகாட்டும். எழுத்துச் சான்று விட்டுச் செல்லாத உழைப்பாளரின் குரலுக்கோ, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களை நாம் நாடவேண்டும். இலக்கிய மாணவருக்கும் இங்கு ஒரு கடமை உண்டு.

இன்று நூதனசாலை நிற்கும் கடுகண்ணாவை, பாதையமைப்பின் மிகக் கடினமான ஏற்றம் அமைந்த இடமாகும். அங்கு மலையைப் பிளந்த கைகளுக்குப் பெயரில்லை. அப்பெயரின்மையையே முதற் காட்சிப்பொருளாக வைக்கும் நாளில்தான் அது மக்களின் நூதனசாலையாகும்.