திருத்தும் உரிமை

அச்சிட்ட கலைக்களஞ்சியத்தில் பிழை கண்டால் என்ன செய்வீர்கள்? பதிப்பாளருக்கு எழுதிவிட்டு அடுத்த பதிப்புக்குக் காத்திருப்பீர்கள், அல்லவா? 1995இல் அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம் இந்நிலையை மாற்றினார். படிப்பவரே உடனே திருத்தக்கூடிய இணையப் பக்கங்களை அமைத்தார். ஹொனலூலு விமான நிலையப் பேருந்தின் பெயரைத் தழுவி அம்முறைக்கு ‘விக்கி’ என்று பெயரிட்டார். ஹவாய் மொழியில் அதற்கு ‘விரைவு’ என்பது பொருள்.

அம்முறையில் 2001இல் விக்கிப்பீடியாவும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் பிறந்தன. தேனியிலிருந்து 2006இல் ‘முத்துக்கமலம்’ என்ற இணைய இதழைத் தொடங்கிய எம். சுப்பிரமணி, தமிழ் விக்கிப்பீடியாவிலும் எழுதினார். 2010இல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மலையடிவார ஊரிலிருந்தும் கலைக்களஞ்சியம் எழுதலாம் என்பது மெய்ப்பட்டது.

ஆனால் யாரும் திருத்தலாம் என்றால், தவறாகவும் திருத்தலாமே? உண்மைதான். ஆய்வகக் குறிப்பேட்டில் தவறான அளவீட்டை நாம் அழிப்பதில்லை. கோடிட்டு அடித்துவிட்டு அருகில் சரியானதை எழுதுகிறோம். விக்கியும் அப்படியே ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கிறது. பழைய வடிவத்தை எப்போதும் மீட்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கு அன்பர்களே! உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிழை இருந்தால் சான்றுடன் திருத்துங்கள். நாம் வாளாவிருந்தால், அப்பிழையே நாளைய மாணவனின் பாடமாகிவிடும்.