சட்டம் 792 ஏன் வந்தது?

2016-இல் லண்டன் நீதிமன்றம் ஒரு பிரிட்டிஷ்காரருக்கு 22 ஆயுள் தண்டனை விதித்தது நினைவிருக்கிறதா? அவர் சீரழித்தது பெரும்பாலும் நம் மலேசியப் பிள்ளைகளை. படங்களை இணையத்திலும் பகிர்ந்தார். நாடே அதிர்ந்தது.

அதுவரை, இனிக்கப் பேசிப் பிள்ளையை வசப்படுத்துவது நம் சட்டத்தில் தனிக் குற்றமே இல்லை! 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. கெட்ட நோக்கத்தோடு அனுப்பும் குறுஞ்செய்தியே குற்றம். 5 ஆண்டு வரை சிறை, பிரம்படி. 2023 திருத்தம், ஆபாசப் படத்தை வைத்து மிரட்டுவதையும் சேர்த்தது.

ஆசிரியர்களே, தெரிந்தும் மறைத்தால் நமக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம். பிள்ளை வந்து சொன்னால், “ஏன் பேசினாய்?” என்று ஏசாதீங்க. பொறுமையாகக் கேளுங்க, போலீஸ் புகார் செய்யுங்க.

மாணவர்களே, சட்டம் உங்க பக்கம்தான். பயப்படாமல் சொல்லுங்க.