தீர்ப்பும் துப்பாக்கியும்: றியோ டி ஜெனீறோ தரும் சான்று

சர்வதேச மனித உரிமைத் தீர்ப்புகள் பொலிஸ் வன்முறையைக் கட்டுப்படுத்துவனவா என்னும் வினா பெரும்பாலும் சட்ட வினாவாகவே எழுப்பப்படுகின்றது. அரச யந்திரத்தின் இயல்பையும் அதனால் ஒடுக்கப்படுவோரின் அணிதிரள்வையும் விடுத்து அதற்கு விடைகாண இயலாதென்பது எமது கருத்து. பிரேசிலின் நோவா பிரசிலியா வழக்கு இதற்குத் தக்க சான்றாகும்.

றியோ டி ஜெனீறோவின் அலெமாவ் குன்றுத்தொகுதியைச் சேர்ந்த ஏழை உழைப்பாளர் குடியிருப்பு நோவா பிரசிலியா. அங்கு 1994 ஒக்டோபரிலும் 1995 மே மாதத்திலும் பொலிசார் நடத்திய இரு சுற்றிவளைப்புகளில் 26 பேர் கொல்லப்பட்டனர். அவர்கள் பொலிசாரை 'எதிர்த்து' மாண்டோராகவே பதியப்பட்டனர். சொற்களின் வரலாற்றோடு பழகிய எமக்கு இச்சொல் சாதாரணமானதன்று. 1969இல், இராணுவ ஆட்சியின்போது, பொலிஸ் நிருவாகம் வகுத்த பதிவுமுறை அது. ஆட்சி 1985இல் முடிவுற்றது, சொல் முடிவுறவில்லை. கொன்றவனைச் சாட்சியாகவும் கொலையுண்டவனைக் குற்றவாளியாகவும் மாற்றும் ஆற்றல் அவ்வொரு சொல்லுக்கு இருந்தது. 1995இன் இறுதியில் மாநில அரசு பொலிசாரின் 'துணிவு'க்கு மேலதிகக் கொடுப்பனவும் வழங்கத் தலைப்பட்டது. கொலைக்குக் கூலி என்பதன்றி இதனை வேறெவ்வாறு வருணிப்பது?

அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்று 2017 பெப்ரவரியில் பிரேசில் அரசைப் பொறுப்பாளியாகக் கண்டது. பொலிஸ் கொலைகளைக் குறைப்பதற்கு இலக்குகள் வகுக்குமாறும் அப்பதிவுச் சொல்லைக் கைவிடுமாறும் பணித்தது. தீர்ப்பு தானாக எவர் கையையும் தடுக்கவில்லை. 2019இல் றியோ மாநிலப் பொலிசார் 1,814 பேரைக் கொன்றனர்.

ஆயின் அதே ஆண்டில் ஓர் அரசியற் கட்சி பிரேசிலின் அதியுயர் நீதிமன்றில் வழக்குத் தொடுத்தது. குடியிருப்பு அமைப்புகளும் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் அதில் இணைந்தனர். சர்வதேசத் தீர்ப்பு அவர்கள் கைக்கு ஆயுதமாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில், விதிவிலக்கான நிலைமைகளிலன்றிச் சுற்றிவளைப்புகள் கூடாதென 2020 யூனில் அந்நீதிமன்று தடைவிதித்தது. அவ்வாண்டுத் தொகை 1,245 ஆயிற்று. பெருந்தொற்றுக்கும் இதிற் பங்கிருக்கலாம். எனினும், சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவியே எனக்கூறி இவ்வுயிர்களை அற்பமாக்கும் தோழர்களுடன் நாம் உடன்படோம்.

தடை நடைமுறையிலிருக்கையிலேயே, 2021 மே மாதம், ஜக்கரெசீனியுவில் ஒரே சுற்றிவளைப்பில் 28 பேர் மாண்டனர். 2025 ஏப்ரலில் அதியுயர் நீதிமன்று வழக்கை முடித்தபோது கட்டுப்பாடுகள் சில தளர்ந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 28 அன்று, அதே அலெமாவிலும் அயலிலுள்ள பெஞ்ஞாவிலும் 120இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அரசு முதல்நாள் அறிவித்த தொகை 64. எஞ்சியோரைக் காட்டிலே தேடி, சுமந்துவந்து, மறுநாட் காலை பெஞ்ஞாச் சதுக்கத்தில் வரிசையாகக் கிடத்தியவர்கள் அக்குடியிருப்பு மக்களே.