சபை எடுத்துக்கொள்ளப்படுதல்

சபை எடுத்துக்கொள்ளப்படுதல் என்பது, இயேசு கிறிஸ்து மீண்டும் வரும்போது மரித்த விசுவாசிகள் உயிர்த்தெழுந்து, உயிரோடிருப்போருடன் சேர்ந்து அவரை ஆகாயத்தில் எதிர்கொள்வர் எனும் கிறித்தவ நம்பிக்கையாகும். 1 தெசலோனிக்கேயர் 4:13-18 இதன் முதன்மை ஆதாரம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அப்பகுதியில் வரும் வினைச்சொல்லே இப்பெயருக்கு மூலமாகும். இறந்தோரை எண்ணி வருந்திய தெசலோனிக்கேயா சபையாருக்கு ஆறுதலாகப் பவுல் இதனை எழுதினார். இது எப்போது நிகழும் என்பதில் சபைகளிடையே கருத்து வேறுபாடு உண்டு.

விவாதத்தின் அடிப்படை

தானியேல் 9:24-27 கூறும் எழுபது வாரங்களுள் இறுதி வாரத்தை, இனி வரவிருக்கும் ஏழு ஆண்டு உபத்திரவ காலமாகச் சிலர் கொள்வர். அக்காலத்தில் சபை பூமியில் இருக்குமா என்பதே வினா.

முக்கிய கருத்துகள்

* உபத்திரவத்திற்கு முன்: சபை முன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும். இது தமிழில் "இரகசிய வருகை" எனப்படும். ஜான் நெல்சன் டார்பி (1800–1882) 1830களிலிருந்து இதனைப் பரப்பினார். 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் இதனைப் பரவலாக்கியது.
* உபத்திரவத்தின் நடுவில்: மூன்றரை ஆண்டுகளின் முடிவில் நிகழும்.
* கோபாக்கினைக்கு முன்: சபை உபத்திரவத்தைச் சந்திக்கும், ஆனால் இறைவனின் கோபத்திற்குத் தப்பும். மார்வின் ரோசந்தால் 1990இல் இதனை நூலாக வெளியிட்டார்.
* உபத்திரவத்திற்குப் பின்: எடுத்துக்கொள்ளப்படுதலும் பகிரங்க வருகையும் ஒரே நிகழ்வே. டார்பியின் சமகாலத்தவரான பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன் இக்கருத்தினர்.
* பகுதி எடுத்துக்கொள்ளப்படுதல்: விழிப்புடன் ஆயத்தமாயிருப்போர் மட்டுமே முதலில் எடுக்கப்படுவர். ராபர்ட் கோவெட் (1813–1901) இதனைப் போதித்தார்.

கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் திருச்சபையும் இரண்டு கட்ட வருகையைப் போதிப்பதில்லை. கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவார் என்னும் விசுவாச அறிக்கையோடு அவை நிற்கின்றன.

தென்னிந்தியாவில்

பிரதரன் இயக்க முன்னோடியான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். பாளையங்கோட்டையில் ரேனியசிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) அவருடன் இணைந்து பணியாற்றினார். அருளப்பன் நிறுவிய கிறிஸ்தியான்பேட்டையை மையமாகக் கொண்டு 1860இல் திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் உண்டாயிற்று. 1870களில் திருவிதாங்கூரிலும் எழுப்புதல் தோன்றியது.

அங்கு, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு (வித்துவான் குட்டி), கிறிஸ்துவின் வருகை 1881இல் நிகழும் என அறிவித்தார். திரளானோர் நம்பிக் காத்திருந்தனர். அவ்வாண்டு அது நிகழவில்லை. அதன்பின் அவரது குழு யூயோமய சபை எனத் தனி வழியில் சென்றது.

நாள் குறித்தல்

அந்த நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என மத்தேயு 24:36 கூறுவதால், நாள் குறிப்பதைப் பெரும்பாலான சபைகள் ஏற்பதில்லை. எனினும் காலவரிசை குறித்த கருத்து விசுவாசிகளின் வாழ்வைப் பாதிக்கிறது. முன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படுவோம் என்போர் எந்நேரமும் ஆயத்தமாயிருத்தலை வலியுறுத்துவர். உபத்திரவத்தைக் கடக்க வேண்டும் என்போர், துன்பத்தில் நிலைத்திருக்கச் சபையைப் பழக்க வேண்டும் என்பர்.